தேய்த்துத் துடைத்த நாலு பிளக்

கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொன்னால் இந்தக் கதை கெட்டுப்போகும்.

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் மைதானம். அங்கே கார் எஞ்சினைப் பிரித்து, சக்தி ஏற்றிக் கட்டுவதில் பூங்கோதைக்கு மிஞ்சி ஆள் கிடையாது. வயசு முப்பத்தாறுதான். அவளிடம் தொழில் கற்ற மருதாசலத்துக்கு ஐம்பத்திரண்டு. தறி மெக்கானிக்காக இருந்து வந்தவர். கெட்டிக்காரர், காட்டியதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்.

அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு நாலு சிலிண்டர் எஞ்சினைத் தனியாகக் கட்டினார். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவின் அழுத்தத்தைப் பூங்கோதையைக் கேட்காமலே ஏற்றிவைத்தார். அந்த வண்டியை ஓட்டுகிறவள் அவர் மகள் சிந்துஜா. நான் சொல்கிற அன்றைக்குக் கடைசி ரேஸ். ஜெயித்தால் வருஷத்துப் பட்டமே அவளுக்கு.

காலைப் பயிற்சியில் அந்த வண்டிதான் எல்லாரையும் முந்தியது. மருதாசலம் புது ஸ்பார்க் பிளக் நாலை மாட்டிவிட்டு, கழற்றிய நாலையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துப் பூங்கோதையைக் கூப்பிட்டார்.

"பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குப் பலகாரம் வெச்ச மாதிரியில்ல இருக்குது! புதுசுங்களாண்ணா?"

"காலையில ஓடுனதுங் அம்மிணி. உங்ககிட்டக் காட்டறதுக்குன்னு தேச்சுத் துடைச்சேன்."

அவள் சிரிப்பு நின்றது.

பிளக்கின் நுனி சிலிண்டருக்குள்ளே இருப்பது. உள்ளே நெருப்பு எப்படி எரிந்தது என்பது அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

"தேய்க்கறப்ப எதுக்கு நேரம் ஆச்சுங்ணா?"

யோசித்தார். "மூணாவதுக்கு."

"என்ன ஒட்டியிருந்துச்சு?"

"நெறுநெறுன்னு ஏதோ தூள்."

"கறுப்புங்களா, வெள்ளி மாதிரிங்களா?"

கறுப்பென்றால் கரி, பாதகமில்லை. வெள்ளியென்றால், ஏற்றிய அழுத்தம் தாங்காமல் பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது. ஓட்டத்தில் எஞ்சின் வெடித்து, ஆயில் சக்கரத்தில் பட்டால் வண்டி யார் சொல்லும் கேட்காது. இது மருதாசலத்துக்கும் தெரியும்.

"அதைப் பாக்கலீங் அம்மிணி."

"தேச்ச துணி?"

"அலசிப் போட்டுட்டேனுங்."

"எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தாத் தெரியும். அரை நாள் வேலை."

"ரேஸுக்கு அரை மணி நேரந்தானுங்க இருக்குது. அழுத்தத்தைக் குறைச்சு விட்டாத் தாங்குமுங்களா?"

"தெரியலீங்ணா."

"உங்களுக்குத் தெரியாததா? சத்தத்தைக் கேட்டே சொல்லிருவீங்களே."

"சொல்ல வந்ததைத்தான் நீங்க தேச்சுட்டீங்களே."

"சும்மா ஒரு குத்துமதிப்பாச் சொல்லுங் அம்மிணி. ரெண்டு வருஷமா இதே நெனப்பா இருக்கறா அவ..."

பூங்கோதை மூணாவது பிளக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்க பொண்ணு உட்கார்ற வண்டிக்குங்களாண்ணா குத்துமதிப்புக் கேக்கறீங்க?"

வண்டிகள் வரிசைக்கு நகர ஆரம்பித்திருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவே மருதாசலம் மகளின் வண்டிக்கு நடந்து போனார்.

சிந்துஜா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "என்னப்பா, கிளம்பட்டுமா?" என்றாள்.

அவர் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, அவள் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்தார்.