இரண்டு கையும் வேண்டும்

கெடிலம் ஆற்றங்கரை மடத்தில் காலையில் எல்லோரும் கண்ணை மூடி ஜபமாலை உருட்டுவார்கள். பூவராகன் மட்டும் மேல்துண்டுக்குள் கையை விட்டு, தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். நாடி பார்க்கிறார்.

மாரடைப்பு வந்து பிழைத்த மனிதர். அதற்கு முன் கடலூர் - பண்ருட்டி பஸ்ஸுக்கு டிரைவர். குருவான செங்கமலத்தம்மாவைவிட வயதில் மூத்த சீடர்.

"அம்மா, ஒரு சந்தேகம்" என்றார் ஒருநாள். "உப்பைக் குறைச்சேன். எண்ணெயை விட்டேன். மாத்திரை ஒருவேளை தப்பலை. டாக்டரும் தேறிடுச்சுங்கறார். அப்புறமும் இந்த நெஞ்சு ஏன் படபடன்னு அடிக்குது?"

"மாத்திரையை விட்டுடாதீங்க. அது டாக்டர் வேலை. பஸ் ஓட்டுனப்போ எங்கே பார்த்து ஓட்டுவீங்க?"

"ரோட்டைப் பார்த்து."

"பானட்டைத் திறந்துவச்சு, இன்ஜினையே பார்த்துக்கிட்டு ஓட்டினா?"

"புளியமரத்துலதான் போய் நிக்கும்!"

பூவராகன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அம்மா உள்ளே போய், பூவராகனின் மகள் வேதவல்லிக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை வேதவல்லி வந்து இறங்கினாள். ஒரு தோளில் துணிப்பை, மறு தோளில் பெண் கைக்குழந்தை.

"தாத்தாதான் காதுல பேர் சொல்லணும்னு வீட்டுல அத்தனை பேரும் காத்திருக்காங்க. நீ என்னடான்னா கூட்டம் ஆகாது, நெஞ்சு தாங்காதுன்னு நாளைத் தள்ளிக்கிட்டே போறே. இன்னும் குட்டி குட்டின்னுதான் கூப்பிடுறோம். விட்டா அதுவே பேரா நின்னுடும்ப்பா!"

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பேரைக்கூட யோசிச்சு வச்சுட்டேன். தூக்கும்போது ஏதாவது ஆகி, பிள்ளையைக் கீழே போட்டுட்டேன்னா?"

"உட்காருங்க" என்றார் அம்மா.

உட்கார்ந்தார்.

"உட்கார்ந்தவர் எங்கே விழறது?"

குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்தார். பூவராகனின் ஒரு கை தானாக மறு மணிக்கட்டைத் தேடிப் போனது.

"அப்பா! இன்னும் தலை நிக்காத பிள்ளை. ரெண்டு கையும் வேணும்!"

பதறிப்போய் இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்தார். குழந்தை வீறிட்டது.

"பின்னே அழாதா? நெஞ்சா அது, தவிலா? இங்கே வரைக்கும் கேட்குது" என்று வேதவல்லி கை நீட்டினாள்.

"நீ வாம்மா, கஞ்சி குடிக்கலாம்" என்று அம்மா அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பூவராகனுக்குத் தாலாட்டு தெரியாது. பாட்டே தெரியாது. தெரிந்ததைத்தான் சொன்னார்.

"திருப்பாதிரிப்புலியூர்... திருப்பாதிரிப்புலியூர் எல்லாம் இறங்குங்க..."

அழுகை கூடியது.

"நெல்லிக்குப்பம்... படியில நிக்காதே, உள்ளே போ... நெல்லிக்குப்பம்..."

குழந்தை அழுகையை நிறுத்தி, இது யாரடா என்று கண்ணை உருட்டிப் பார்த்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வயிறு குலுங்க, அதன்மேல் படுத்திருந்தவளும் குலுங்கினாள். இன்னும் மெல்லச் சொன்னார்.

"மேல்பட்டாம்பாக்கம்... பொறுமையா இறங்கணும்..."

விக்கல் மாதிரி ஒரு கேவல். ஒரு கொட்டாவி. கன்னம் அவர் நெஞ்சில் சாய்ந்தது.

பண்ருட்டி வந்தபோது வண்டியில் அவர் ஒருவர்தான் விழித்திருந்தார். வேட்டி வெதுவெதுவென்று நனைந்தது. அவர் அசையவில்லை.

கஞ்சி குடித்து முடித்து இருவரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மா" என்று உதட்டை மட்டும் அசைத்தார் பூவராகன். "கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. என் நாடி இப்போ எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

"நான் எதுக்கு?" என்றார் அம்மா. "இவ்வளவு நேரமும் காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கிறவ அவதானே. எழுப்பிக் கேளுங்க."

பூவராகன் எழுப்பவில்லை. குனிந்து, வசம்பு வாசனை அடிக்கும் அந்தச் சின்னக் காதில், வேறு யாருக்கும் கேட்காமல் மூன்று முறை பெயரைச் சொன்னார்.