சுலைகாவை அழைத்துப்போக வந்தவன்

அன்று மாலை கடற்கரைத் தர்காவில் இருந்தவர்கள் ஆறு பேர். பெரியவர் மீரான் லெப்பை. அவர் மனைவி மரியம் பீவி. லெப்பையிடம் ஓதக் கற்கும் சீடன் நெய்னா. மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டர் வத்சலா. மூன்று வருஷமாக அங்கே தங்கியிருந்த சுலைகா. அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அண்ணன் அசன் கனி.

சுலைகா முன்பு சுவரோடு பேசுவாள், அலறுவாள். ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லி லெப்பை ஓதி ஊதினார். ஜின் போகவில்லை. கடைசியில் அவரே டாக்டரை வரவழைத்தார். மாத்திரையில் அவள் தெளிந்தாள். இப்போது துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அசன் கனியிடம் மாத்திரைகளைக் கொடுத்தார். "ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினா திரும்ப வந்துடும்." பிறகு லெப்பையைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ஓதுறதையும் நிறுத்த வேண்டாம். அதுக்குப் பக்கவிளைவு கிடையாது."

டாக்டரின் வேன் போனது.

நெய்னா மெல்லக் கேட்டான். "மாத்திரையே குணமாக்கிடுச்சு. இனி நாம எதுக்கு, ஹஜ்ரத்?"

லெப்பை வாய் திறப்பதற்குள் அசன் கனி வந்து பாயில் உட்கார்ந்தான்.

"ஹஜ்ரத், ஜின் போயிடுச்சுன்னு ஊர் ஜமாஅத்துல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"ஜின் இல்லையே, தம்பி. நோவுதானே."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியக் கூடாது. என் மவளுக்கு நிக்காஹ் பேசியிருக்கு. ஜின்னுன்னா ஐயோ பாவம்பாங்க. நோவுன்னா, ரத்தத்துல இருக்கு, மவளுக்கும் வரும்னு சம்பந்தி வீட்டுல எழுந்து போயிடுவாங்க. டாக்டரம்மா ஆயிரம் சொல்லட்டும். நீங்க சொன்னாத்தான் ஊர் கேக்கும்."

நெய்னாவின் முகம் தெளிந்தது. "சொல்லிடலாமே, ஹஜ்ரத்."

லெப்பை அசன் கனியிடம் கேட்டார். "சொன்னா, மாத்திரை கொடுப்பியா?"

அவன் தலை குனிந்தான். "ஜின் போனவளுக்கு எதுக்கு மாத்திரைன்னு கேக்க மாட்டாங்களா? சம்பந்தி வீடு அடுத்த தெரு."

"அப்ப நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப மூணு வருஷமா எதை ஓட்டுறதுக்கு ஓதினீங்க? வியாழன் தவறாம சோறு கொண்டுவந்து, கைகட்டி நின்னேனே!"

"தெரியாம ஓதினேன்."

"இன்னைக்கும் தெரியாதவராவே இருந்திருக்கலாம்."

மாத்திரைப் பொட்டலத்தைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் தங்கையின் தலையைத் தொட்டான். "நிக்காஹ் முடியட்டும், தங்கச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

நெய்னாவுக்குக் கோபம் வந்தது. "ஒரே ஒரு பொய், ஹஜ்ரத். இன்னைக்கு ராத்திரி சுலைகா லாத்தா சொந்த வீட்டுல படுத்திருப்பாங்க."

"எத்தனை ராத்திரி?"



சுலைகா மூட்டையோடு உள்ளே வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எனக்கு ஜின்னே பிடிச்சிருக்கலாம், ஹஜ்ரத்."

லெப்பை அவளைப் பார்த்தார்.

"பிடிச்சிருந்தா ஓட்டியிருப்பேன், மவளே."

மரியம் பீவி வந்து அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். அவளைப் பார்க்காமல் கணவரிடம் கேட்டார்.

"எத்தனை பேருக்கு உலை வைக்க?"

'இனி நாம எதுக்கு' என்று கேட்ட நெய்னாவின் பக்கம் லெப்பை திரும்பினார்.

"நாலு பேர்."