பனங்குட்டையில பஸ் நின்ன கதை

ஒரு ஊர்ல ஒரு பூங்காவனம். தோட்டம் இல்லடி செல்லம், ஆளு! எருமை மேய்க்கிற அம்மா. ஊர் பேரு பனங்குட்டை. அங்க வர்ற காக்கா கூட கட்டுச்சோறு கட்டிக்கிட்டுத்தான் வரும், அவ்வளவு ஏழை ஊரு. ம் சொல்லு.

பூங்காவனத்துக்கு ஒரே கவலை. டவுன் பஸ்ஸு அங்க நிக்காது. பாலு விக்க வெயில்ல டவுனுக்கு நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள அது திரிஞ்சு போயிடும்.

ஒரு நாள் கையைக் காட்டினா. பஸ்ஸு சர்ர்ர்ருன்னு போயிடுச்சு. அப்புறம் செவப்புச் சேலையை ஆட்டினா. ஏதோ அம்மன் கோயில் கொடின்னு டிரைவரு கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அப்போ அவ எருமை மயிலா என்ன பண்ணுச்சு? நடுரோட்டுல தொப்புன்னு உக்காந்துக்கிச்சு!

பாம்! பாம்!

"எருமையை ஓட்டும்மா!"

"நான் சொன்னா கேக்காதுங்க. நீங்க கொஞ்சம் மோரு குடிங்க."

எல்லாரும் இறங்கி மடக் மடக்குன்னு குடிச்சாங்க. காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தரு, "அடடா, இங்கேயே வீடு கட்டலாம்போல இருக்கே!"ன்னாரு. கட்டினாரு. அப்புறம் அவரு மச்சான் கட்டினாரு. அப்புறம் மச்சானோட மச்சான். டமடம, கடகடன்னு மாடி மேல மாடி! ஊருக்குப் புதுப் பேரு, 'பாம் லேக் சிட்டி'.

"ஐயோ, பாமா?"ன்னு பூங்காவனம் கட்டிலுக்கு அடியில பூந்துட்டா. பனைமரத்துக்கு இங்கிலீஷாம் அது! ம்?

பாலு வீட்டு வாசல்லயே வித்துப் போச்சு. ஆனா மயிலா தினமும் முங்குற குட்டையை மூடிட்டாங்க. மயிலா தண்ணியில்லாம புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு.

ஒரு மத்தியானம் மயிலா கயித்தை அத்துக்கிட்டு ஓடி, அடுக்குமாடி நீச்சல் குளத்துல... தொபுக்கடீர்!

டவுசரு போட்ட அடுக்குமாடிச் சங்கத்து செக்ரெட்டரி ஓடி வந்தாரு. "ஏம்மா, இது குளிக்கிற குளம்மா!"

"அதுவும் குளிக்கத்தானுங்க வந்திருக்கு!"ன்னா பின்னாலயே ஓடி வந்த பூங்காவனம்.

அவரு வாலைப் பிடிச்சு இழுத்தாரு. மயிலா ஒரு உதறு உதறுச்சு. அவரும் தொபுக்கடீர்! பசங்கல்லாம் சிரிச்சாங்க. அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க: ஞாயித்துக்கிழமை எருமைக்கு, மத்த நாள் மனுஷங்களுக்கு.

கதை தண்ணியில முங்கிடுச்சு, நீ போர்வைக்குள்ள முங்கு.