மோகனம் பாடிய வெற்றிலைக் கொடி

நஸ்ரினிடம் பாடம் கேட்க வந்தவர்களில் சவரிமுத்துதான் வயதில் மூத்தவர். டீச்சருக்கு முப்பத்தாறு, மாணவருக்கு அறுபத்திரண்டு.

தூத்துக்குடியில் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் கம்பெனிதான் அவர்களுடைய பட்டறை. செடியின் இலையில் இரண்டு மெல்லிய கம்பிகளை ஒட்டுவார்கள். இலைக்குள் ஓடும் துளி மின்சாரம் ஏறி இறங்குவதை ஒரு சர்க்யூட் சத்தமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். முடித்ததும் செடிக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, வாய்விட்டு நன்றி சொல்ல வேண்டும். அது டீச்சர் வைத்த வழக்கம்.

நன்றி சொல்வதில் சவரிமுத்து கஞ்சம் இல்லை. முப்பது வருடம் மாதா கோயில் பாடற்குழுவில் முதல் குரல் அவருடையது. மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, குரல் போனது, ஒரு கரகரப்பு மட்டும் மிச்சம். அப்படியும் டாக்டருக்கு நன்றி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மருமகளுக்கு நன்றி, சும்மா கிடந்த மனுஷனை மதித்துக் கையில் வேலை கொடுத்த டீச்சருக்கு நன்றி என்று நாளெல்லாம் நன்றிதான். செடிக்கு மட்டும் தண்ணீரை ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொள்வார்.

அன்று கடைசி ஒத்திகை. மறுநாள் மாதா கோயில் மண்டபத்தில், செடியைப் பாட வைக்கும் அவருடைய முதல் நிகழ்ச்சி. பழைய பாடற்குழு மொத்தமும் முன்வரிசையில் உட்காரப் போகிறது. அவர்கள் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்ற நினைப்பில் ஒரு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒத்திகையில், தொட்டியிலிருந்த வெற்றிலைக் கொடி மோகன ராகம் பாடியது. மருந்துக்குக்கூட ஓர் அபசுரம் இல்லை.

"எப்படி அண்ணாச்சி இது?" என்று கேட்டார் நஸ்ரின்.

"ஒரு மாசமா வீட்டுல வச்சுப் பாத்து, சின்னதா ஒரு சர்க்யூட் போர்டு சேத்திருக்கேன் டீச்சர். இலையிலேருந்து என்ன வந்தாலும், பக்கத்துல இருக்க மோகனச் சுரத்துக்கு இழுத்து வச்சிரும்."

நஸ்ரின் தலையாட்டினார்.

"ஒண்ணு கேக்கலாமா டீச்சர்? வாயில்லாத செடிக்குக் குரல் குடுத்தது நாம. அதுதான நமக்கு நன்றி சொல்லணும்? நாம எதுக்குச் சொல்லுதோம்?"

நஸ்ரின் கம்பிகளை இலையிலிருந்து எடுத்தார். மேசை துடைக்கிற ஈரத்துணியில் ஒட்டினார். துணியை லேசாகக் கசக்கினார்.

துணி மோகனம் பாடியது. அதே இனிமை, அதே நிதானம்.

"நல்லாத்தான் பாடுது. நாளைக்கு இதையே கொண்டு போவோமா? தொட்டி தூக்குற வேலை மிச்சம்."

சவரிமுத்துவின் முகம் தொங்கிவிட்டது. ஒரு மாதமாகத் தான் கேட்டுப் பூரித்தது செடியை அல்ல என்பது அவருக்கு உறைத்தது.

போர்டைத் தன் கையாலேயே கழற்றினார். கம்பிகளை மறுபடி இலையில் ஒட்டினார்.

ஸ்பீக்கர் கரகரத்தது. இழுத்தது, திக்கியது, சுருதி எதற்கும் கட்டுப்படாமல் அலைந்தது. சவரிமுத்து ஜன்னலைத் திறந்தார். வெயில் பட்டதும் கரகரப்பு மெல்ல மேலே ஏறியது. இலைக்கு மேலே கையை நிழலாகப் பிடித்தார். தணிந்தது. கையை எடுத்தார். மறுபடி ஏறியது.

வெகுநேரம் அப்படியே விளையாடிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருந்தும் இத்தனை நாள் இதைக் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இப்போதாவது கேட்க வாய்த்ததே என்று மனம் நிறைந்தும் போனது. குவளையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றார் செடியிடம்.

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். பழைய பயம் திரும்பி வந்தது.

"டீச்சர், இது என் தொண்டை மாதிரில்லா இருக்கு."

"ஆமா."

"நாளைக்கு இந்தக் கரகரப்பக் கேட்டுட்டு அவங்க எந்திச்சுப் போயிட்டா?"

நஸ்ரின் வயரைச் சுருட்டிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா நீங்க பேசுறத நான் கேக்கேன் அண்ணாச்சி. ஒரு நாளாவது எந்திச்சுப் போனேனா?"