சுவரைப் பார்த்த மேசை

"காது கேக்காத பிள்ளைக்கு வேலை குடுத்தது தப்புங்களா சாமி?"

வந்ததும் வராததுமாகத் தெய்வானை கேட்டாள். பனியன் கம்பெனி நடத்துகிறவள். எதிரே இருந்த குரு அவளைவிடப் பத்து வயது சின்னவள். மலையடி மடத்தில் எல்லோருக்கும் அவள் சாமியம்மா.

"என்ன ஆச்சு?"

"ஜெயக்கொடின்னு ஒருத்தி. துணியில ஓட்டை, கறை பாக்கிற வேலை. யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சுவரைப் பாத்த மேசையாப் போட்டுக் குடுத்தேன். எங்க டீ மணிக்கு நேரங்காலம் இல்லீங்க. வேலை ஓட்டத்தைப் பாத்து அடிப்போம். அடிச்சதும் மத்தவளுக எல்லாம் விழுந்தடிச்சு ஓடுவாளுக. இவ தலையைக்கூடத் தூக்க மாட்டா. இவளைப் பாத்துப் படிங்கடின்னு அவங்களை வைவேன்."

"இப்போ?"

"நாப்பத்தோரு நாள்ல நின்னுட்டா. டீ குடிக்க நான் குடுத்த புது டம்ளரை மேசையில கவுத்து வச்சுட்டுப் போயிட்டா. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கலைங்க. அத்தனை கொழுப்பு."

தெய்வானையே தொடர்ந்தாள்.

"நாளைக்கு அதே மாதிரி இன்னொருத்தி வேலை கேட்டு வர்றா. வேண்டாம்னு சொல்லிடட்டுங்களா?"

"சாயங்காலம் சொல்றேன். உள்ளறையில துவரம்பருப்பு கெடக்கு. கல்லுப் பொறுக்கு."

தெய்வானை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முறம் முறமாகப் பருப்பு.

மடத்தில் மணி அடித்தால்தான் பந்தி. அவள் மணிக்காகக் காத்திருந்தாள்.

வயிறு கிள்ளியது. பிறகு எரிந்தது. பிறகு அதுவும் அடங்கிப்போனது.

வெயில் சாய்ந்தபின் வெளியே வந்தாள். பந்திப்பாய் சுருட்டிக் கிடந்தது. சமையல்கார மாராத்தாள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு முடிஞ்சுதா?"

"அப்பவே ஆச்சுங்க்கா. நீங்க பருப்புலேயே வயித்தை நெரப்பிக்கிட்டீங்களோன்னு இருந்தேன்."

"மணியே கேக்கலையே!"

"நான் அடிச்சேனே."

தெய்வானை மணியை அண்ணாந்து பார்த்தாள். அதன் நாக்கில் துணி சுற்றியிருந்தது.

"மத்தவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சாமியம்மா ஒவ்வொருத்தரையாத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாங்க."

தெய்வானைக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. நேரே சாமியம்மாவிடம் போனாள்.

"என்னை மட்டும் ஏன் சாமி தொடலை? நானென்ன வேண்டாதவளா?"

"நீ திரும்பியே பாக்கலை. என்ன பொறுப்புன்னு பந்தியில உன்னைப் பத்தித்தான் பேச்சு."

தெய்வானை தான் பருப்புப் பொறுக்கிய உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஸ்டிக்கர்..." என்றாள். "நாப்பத்தோரு நாளுங்க."

தெய்வானை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நாளைக்கு வர்றவளை வரச் சொல்லிடறேனுங்க. அதுக்கு முன்னால, இப்பவே போய் ஜெயக்கொடி வீட்டுக் கதவைத் தட்டறேன்."

"தட்டினா?" என்றாள் சாமியம்மா.