எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிய ஆமை

அல்லிக் குளத்துக்கு ஆட்காட்டிக் குருவிதான் காவல். விடிந்ததும் குளத்தைச் சுற்றிப் பறக்கும். எந்தப் புதரடியில் யார் இருக்கிறார்கள், யாரைக் காணோம் என்று பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கத்திச் சொல்லும்.

நொச்சிப் புதரடியில் மொட்டச்சி என்ற ஆமை இருந்தது. எதிர்க்கரை மணல்மேட்டில் முட்டையிட்டு மூடி வைத்திருந்தது.

"முட்டை அங்கே, நான் இங்கேயா?" என்று ஒரு சாயங்காலம் மணல்மேட்டை ஒட்டிய தாழம்புதருக்குக் குடிபோனது. அதோடு விட்டதா? வெயிலுக்குக் குளுமை என்று ஓடு முழுக்கச் செம்மண்ணை அப்பிக்கொண்டது!

காலையில் ஆட்காட்டி வந்தது. "யாரும்மா நீ?"

புது இடத்துக்குப் பழைய பேர் எதற்கு என்று நினைத்த ஆமை, "செவ்வந்தி!" என்றது.

ஆட்காட்டி பறந்துகொண்டே கத்தியது. "நொச்சிப் புதரடி மொட்டச்சி போயிட்டா! தாழம்புதரடிக்குச் செவ்வந்தி வந்திருக்கா!"

நொச்சிப் புதரடியில் ஒரே ஒப்பாரி. ஆமையும் ஓடிவந்து கூடவே அழுதது. "ஐயோ பாவம்! யாரு செத்தது?"

"மொட்டச்சி!" என்றது கொக்கு.

"அடப்பாவி, நான்தானே மொட்டச்சி!"

"நீ செவ்வந்தியாமே?"

"ஆமா, அதுவும் நான்தான்!"

"அப்போ செத்தது?"

"யாரும் சாகலையே!"

"பிறகு நாங்க எதுக்கு அழறோம்?" என்று கொக்கு தலையைப் பிடித்துக்கொண்டது.

உடும்புக்கு மட்டும் குழப்பமே இல்லை. "தாயில்லா முட்டை எடுத்தவனுக்கு! அதுதானே குளத்து வழக்கம்?" என்று நாக்கை நீட்டிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடியது.

எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். ஆமை கதறியது. "தவளைத் தம்பி! நீயாவது சொல்லுடா!"

மழைக்காலம் முழுக்க மொட்டச்சியின் முதுகில் குந்தியிருந்தது அந்தத் தவளை. ஏறிப் பார்த்தது. வழுக்கி விழுந்தது. "ம்ஹூம்! அக்கா முதுகுல ஒரு பள்ளம் இருக்கும். இதுல இல்லையே!"

உடும்பு மணலைப் பறிக்கத் தொடங்கிவிட்டது.

ஆமை தொபுக்கென்று தண்ணீரில் குதித்தது. பாறையில் ஓட்டைத் தேய்தேய் என்று தேய்த்து மண்ணைக் கழுவிக்கொண்டு வந்தது. தவளை மறுபடி ஏறியது. பனங்காய் விழுந்து ஆன பழைய பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஓரம் கொஞ்சம் தேஞ்சிருக்கு. மத்தபடி அதே ஓடு, எனக்கு அளவெடுத்த அதே பள்ளம்! அக்காவேதான்!"

உடும்பு கையை உதறிக்கொண்டு நழுவியது.

ஆட்காட்டிக்குக் கோபம். "இடம் மாறணும்னா மாறு! அவதான் இவள்னு நான் பார்த்துச் சொன்ன பிறகு மண்ணைப் பூசு, பேரை மாத்து! எல்லாத்தையும் ஒண்ணாச் செஞ்சா எனக்கு என்னடி தெரியும்?"

"சரிக்கா. இப்போ நான் மொட்டச்சியா, செவ்வந்தியா?"

ஆட்காட்டி மேலே எழும்பியது. குளம் அதிரக் கத்தியது. "முட்டைக்கு அம்மா வந்தாச்சு!"

இடத்தையும் பேரையும் கோலத்தையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொண்டால், நம்முடையது நம்முடையதுதான் என்று சொல்லக்கூட ஆளிருக்காது.