அறைக்குள் ஒளிந்த அக்கா

மந்திரம் கற்றவர்கள் நம்மைப் போலவே தெருவில் நடமாடிய பழைய காலத்திலே, வெண்குன்ற நாட்டிலே, அல்லிக்கொடி, மாதுளை என்று அக்காள் தங்கை இரண்டு பேர் இருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. அரண்மனைக்குப் பூக்கட்டிக் கொடுத்துப் பிழைத்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே படுக்கையறை.

ஒருநாள் கொடுவிழியன் என்கிற மந்திரவாதி வந்து அல்லிக்கொடியைப் பெண் கேட்டான். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மாலை மாதுளை பூக்கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது அக்காவைக் காணோம். படுக்கையறை வாசற்படியில் கொடுவிழியன் உட்கார்ந்திருந்தான்.

அவன் சாவதானமாக விஷயத்தைச் சொன்னான். அந்த அறையில் இருந்த ஒன்றை எடுத்துவிட்டு, அதே உருவத்தில் அக்காவை அங்கே வைத்திருக்கிறானாம். பொழுது சாய்வதற்குள் மாதுளை கண்டுபிடிக்க வேண்டும். மூன்றே தடவைதான் சொல்லலாம். சரியாகச் சொன்னால் மந்திரம் திரும்பி அவனையே பிடிக்கும். தப்பாகச் சொன்னால் அவளும் கொஞ்சம் கொஞ்சமாக மரமாவாள்.

“சொல் பெண்ணே, எது உன் அக்கா?”

மாதுளை உள்ளே போனாள். நடுவே தொய்ந்துபோன கயிற்றுக் கட்டில். எண்ணெய்க் கறை படிந்த இரண்டு தலையணைகள். ஓரத்தில் ரசம் போன கண்ணாடி. நீள முடி சிக்கிய சீப்பு. தாழம்பூ வாசனை அடிக்கும் துணிப்பெட்டி. ஒற்றைக் கதவு போட்ட ஜன்னல். கொடியில் அக்காவின் பச்சைச் சேலை. எல்லாம் காலையில் விட்டுப்போன மாதிரியே இருந்தன. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அக்கா தினமும் கையில் எடுப்பது சீப்பு. “சீப்பு” என்றாள்.

முழங்கால்வரை மரமாகிவிட்டது. அறை நடுவே நட்ட கம்பம் போல நின்றாள்.

“சொல் பெண்ணே, எது உன் அக்கா?”

சேலை மெல்ல ஆடியது. தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டாள். “சேலை” என்று வாய் முந்திக்கொண்டது.

தோள்வரை மரம். கைகள் இரண்டும் கிளைகளாகத் தொங்கின. இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. வெயில் சுவரில் ஒரு முழம் மட்டும் மிச்சமிருந்தது.

அப்போது மலையிலிருந்து மாலைக்காற்று புறப்பட்டு வந்தது. கட்டில் கயிறு முனகியது. கண்ணாடி சுவரில் டக் டக்கென்று தட்டியது. சேலை படபடத்தது. தினமும் கேட்கிற சத்தங்கள்தான். ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. மாதுளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஜன்னல் கதவு அடிக்கவில்லை.

அதற்குக் கொக்கி போய் எத்தனையோ வருஷமாகிறது. இந்தக் காற்று வந்தால் படீரென்று அடிக்கும். சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்கு மாதுளை வீறிட்டு அழுவாள். எந்த வேலையில் இருந்தாலும் அக்கா ஓடிவந்து உள்ளங்கையால் கதவைத் தாங்கிக்கொள்வாள்.

கண்ணைத் திறந்தாள். காற்று மோதமோத ஜன்னல் கதவு நடுங்கியது. ஆனால் அடிக்காமல் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு யாருமே இல்லை.

“சொல் பெண்ணே, எது உன் அக்கா?” கொடுவிழியன் எழுந்துவிட்டான். வெயில் விரற்கடை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

“அந்த ஜன்னல் கதவு. அதுதான் என் அக்கா.”

சொன்ன நொடியிலே கதவு கையானது, தோளானது, முகமானது. அல்லிக்கொடி தரையில் குதித்தாள். மாதுளையின் உடம்பிலிருந்து மரம் வடிந்து, வாசற்படியைப் பார்த்து ஓடியது. அங்கே கொடுவிழியன் நின்ற இடத்தில் ஒரு கருத்த கட்டை கிடந்தது. இருவருமாக அதை உருட்டிக்கொண்டு போய் ஆற்றில் தள்ளினார்கள். அதற்குப் பிறகு எந்த மந்திரவாதியும் அந்தப் பக்கம் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் அக்காவின் உள்ளங்கைகள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே மாதுளை கேட்டாள், “இவ்வளவு வலியை ஏன் தாங்கினே அக்கா? விட்டிருக்கலாமே.”

“அடிச்சா நீ பயப்படுவியேடி,” என்றாள் அல்லிக்கொடி.

அந்த வீட்டில் அப்புறம் வெகுகாலம் அவர்கள் குறையில்லாமல் வாழ்ந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டவர்கள் வீட்டிலும் குறை ஒன்றும் வராமல் இருக்கட்டும்.